200 ரூபாய் நீதி

வாயில்லா உயிர்கள் வாக்களிப்பதில்லை. கொடி பிடிப்பதில்லை, கோட்டை நோக்கி ஊர்வலம் வருவதில்லை, மாநாட்டுக்கு நன்கொடை தருவதில்லை. ஆகவே, "நாட்டில் பேசுவதற்கு வேறு செய்தியே இல்லையா? நெசவாளியின் கூலியைப் பேசுங்கள், உழவனின் கடனைப் பேசுங்கள்; முயலுக்கும் தவளைக்கும் நம் ஏட்டில் இடம் எதற்கு?" என்று கேட்கும் தோழர் ஒவ்வொரு கிளையிலும் ஒருவராவது இருப்பார். அந்தத் தோழரை நோக்கித்தான் இந்த ஞாயிறன்று பேச விழைகிறோம். அவருடைய கேள்வி ஏளனத்துக்குரியதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சீவகாருண்யம் என்னும் சொல்லை நம் மக்கள் யார் வாயிலிருந்து கேட்டார்கள்? வள்ளலாரின் வாயிலிருந்து கேட்டபோது கண்ணீர் மல்க ஏற்றார்கள். அவர் 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்டு, பசித்த மனிதனுக்கு அடுப்பு மூட்டிவிட்டு, அதன் பிறகு பேசியவர். ஆனால் அதே சொல் வயிறு நிறைந்தவர் வாயில் நுழைந்தபோது, ஏழையின் முதுகில் விழும் கோலாக மாறியது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தூசி படிந்து கிடந்த 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை அன்றைய தமிழக அரசு திடுமெனக் கையிலெடுத்தது நினைவிருக்கும். சுடலைமாடனுக்கும் முனியாண்டிக்கும் கிடா வெட்டிக் கொடை நடத்தும் சிற்றூர் மக்கள் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். சந்தையில் எடைபோட்டு விற்ற ஆட்டிறைச்சிக்குத் தடையில்லை. சாமியின் முன்னால் வெட்டி ஊருக்குப் பங்கிட்ட இறைச்சிக்குத் தடை! மக்கள் கொதித்தார்கள், 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. ஏறு தழுவுதலுக்கு 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 சனவரியில் மெரினாக் கடற்கரை மனிதக் கடலானதும், புதிய சட்டம் செல்லும் என 2023 மே 18 அன்று அதே நீதிமன்றம் உரைத்ததும் நாம் அறிந்தவை. வடக்கே 2015இல் தாத்ரியில், மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்னும் வதந்தியின் பேரில் ஒரு மனிதரை வீடு புகுந்து அடித்தே கொன்ற கூட்டமும் உயிரன்பின் பெயரையே உச்சரித்தது.

இத்தனையும் கண்ட தோழர், "உயிரன்பு என்பது மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு, அல்லது வெறியரின் முகமூடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதில் வியப்பில்லை. எனினும் ஒன்று கேட்கிறோம். கோல் தவறானவன் கையில் இருக்கிறது என்பதால், அடிபடும் மாட்டுக்கு வலி குறைந்துவிடுமா? நாம் விட்டுவிட்ட இடத்தில்தானே அவர்கள் வந்து அமர்ந்தார்கள்?

மதுரைச் சீமையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை கடையநல்லூரின் நடுவே செல்கிறது. தென்காசி, செங்கோட்டை கடந்து புளியரை வழியே மலையேறிக் கேரளம் புகும் சாலை அது. அச்சாலையோரம் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவர்கள் மாட்டு லாரியைப் பார்த்திருப்பார்கள். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்று 1978ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதி கூறுகிறது. விதி தாளில் இருக்கிறது. மாடுகள் கொம்போடு கொம்பு மோத, மூக்கணாங்கயிறு இழுத்துக் கட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. படுத்துவிடாதிருக்கக் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும் உண்டு. இறைச்சி உண்பது பற்றிய வழக்கன்று இது. எந்த மதத்தினரும் தம் மதம் கூறும் முறையில் விலங்கை அறுப்பதை இந்நாட்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமே 28ஆம் பிரிவில் குற்றமன்று என ஏற்றிருக்கிறது. கடையநல்லூரின் இசுலாமியத் தோழர்கள் அந்தப் பிரிவை எண்ணோடு மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வழிமறிக்கும் போலிப் பசுக் காவலனிடம் எடுத்துக்காட்ட உதவும். அறுக்கப்போகும் மாடுதானே என்று அதன் கடைசி இருநூறு கல் தொலைவை நரகமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே இங்குள்ள வழக்கு.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கை அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, பட்டினி போடுவது, துன்பம் தரும் வகையில் கொண்டுசெல்வது ஆகியவற்றைக் குற்றங்களென வரிசையிடுகிறது. முதற் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல்! மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தென்காசிப் பேருந்து நிலையத்தில் இருவர் வடையும் தேநீரும் அருந்தினால் ஆகும் தொகையில் முதற் குற்றம் தீர்ந்துவிடுகிறது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்தாண்டு வரை சிறை என்கிறது, மெய்தான். ஆனால் அன்றாடக் கொடுமை என்பது கொலையும் ஊனமும் அல்லவே. அடியும் பசியும் தாகமும் அல்லவா? அவற்றுக்கு 50 ரூபாய்தான்.

இந்தத் தொகைகளைச் சாலையில் பார்த்த நாம் இனி ஆராய்ச்சிக் கூடத்துக்குள் செல்வோம். அதே சட்டத்தின் நான்காம் அத்தியாயம், 14 முதல் 20 வரையுள்ள பிரிவுகள், விலங்குகள் மீது நடத்தும் சோதனைகளைப் பற்றியவை. அறிவு வளர்ச்சிக்கும் நோய் தீர்க்கவும் செய்யும் சோதனை சட்டத்துக்கு மாறானதன்று என்று 14ஆம் பிரிவு முதலில் கதவைத் திறந்து வைக்கிறது. அடுத்து, ஒரு குழு வேண்டும் என்கிறது. மயக்க மருந்து தர வேண்டும், சிறு விலங்கு போதுமெனில் பெரிய விலங்கைத் தொடலாகாது, கைப்பழக்கத்துக்காக மட்டும் உயிரை அறுக்கலாகாது, நூலும் மாதிரியும் திரைப்படமும் போதுமான இடத்தில் உயிர்ச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் குழுவுக்கு வழிகாட்டுகிறது. நல்ல சொற்கள். அக்குழுவின் ஆணையை ஒரு நிறுவனம் மீறினால்? 20ஆம் பிரிவு பதில் சொல்கிறது: 200 ரூபாய் வரை தண்டம்.

பல கோடி ரூபாய் முதலீட்டில் எழும் மருந்துக் கூடத்துக்கும் 200 ரூபாய்தான். வண்டிக்காரனின் 50 ரூபாயாவது அவனுக்கு அரை வேளைச் சோறு. ஆராய்ச்சிக் கூடத்தின் 200 ரூபாயைக் கணக்கு எழுதுபவன் எந்தத் தலைப்பில் பதிவதென்று தெரியாமல் சில்லறைச் செலவில் சேர்த்துவிடுவான். இதைத்தான் அரசியல் என்கிறோம், தோழர்களே. சாலையில் நடக்கும் கொடுமை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், செய்பவன் ஏழை, அவனைத் திட்டுவது எளிது. சுவருக்குள் நடப்பது தெரியாது, செய்பவர் படித்தவர், அவரைக் கேள்வி கேட்கக் கூச்சம்.

இச்சட்டம் எப்படிப் பிறந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அது பிறந்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிவதையைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். சோதனைச்சாலையின் கதவைத் தட்டிய மசோதா அது. அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் பிராணிகள் நல வாரியம் அவருடைய தலைமையில் சென்னையிலேயே அமைந்தது. கலாசேத்திரத்தின் நிறுவனர், ஆடற்கலையின் அரசி, அடையாற்று மாளிகைகளில் உலவியவர். அவருடைய உலகம் வேறு, நம் உலகம் வேறு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த அவையில் வாயில்லா உயிர்களுக்காக எழுந்து நின்றவர் அவர். நம்மவர் எழவில்லை. சென்னையில் பிறந்த அந்த வாரியத்தின் தலைமையகத்தை 2018இல் அரியானாவின் பல்லப்கருக்குத் தூக்கிச் சென்றார்கள் என்பது இடையே சொல்ல வேண்டிய செய்தி. அதற்கும் நாம் பெரிதாக வாய் திறக்கவில்லை!

சோதனைகளை மேற்பார்க்கும் குழு 1964இல் அமைக்கப்பட்டது. அமைத்துவிட்டுத் தூங்கவைத்தார்கள். உரிய விதிகள் வந்தது 1998இல். சட்டம் பிறந்து 38 ஆண்டுகள்!

இனி, அறிவியலின் பக்கம் நின்று பேசுவோம். பகுத்தறிவு பேசும் இயக்கம் அறிவியலுக்குப் பகையாக இருக்க முடியாது. விலங்குகளின் உடலிலிருந்து நாம் பெற்ற கடன் பெரிது. இன்சுலின் நாயின் உடலில் அறியப்பட்டது; பாம்புக்கடி மருந்து இன்றும் குதிரையின் குருதியிலிருந்து வருகிறது. இதை மறுப்பவன் வீட்டில் பாம்பு தீண்டினால் என்ன செய்வான்? ஆகவே, ஒரே நாளில் எல்லாச் சோதனையையும் மூடு என்பது நம் முழக்கமன்று. ஒவ்வொரு சோதனையும், தேவைதானா, மாற்று உண்டா, வலி குறையுமா என்னும் மூன்று கேள்விகளுக்கு வெளிச்சத்தில் நின்று விடை சொல்ல வேண்டும் என்பதே நம் முழக்கம். இந்த மூன்றையும் இங்கிலாந்தின் ரசல், பர்ச் என்னும் இரு அறிவியலாளர்கள் 1959இல் தம் நூலில் நெறியாக வகுத்தார்கள். அதே 1959இல்தான் சென்னையில் கேப்டன் சுந்தரம் என்னும் விமானி 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

மாற்று என்பது விலங்குக்கு மட்டும் நன்மையா? இங்கேதான் நம் தோழரின் கேள்விக்கு விடை இருக்கிறது. குன்னூர் செல்வோம்.

1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர்களுக்கு அதுவே கதி. கசௌலியில் டேவிட் செம்பிள் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1911இல் கண்ட முறைப்படி, வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, ஆட்டைக் கொன்று, மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து தடுப்பு மருந்து ஆக்கினார்கள். அந்த மருந்துதான் நம் அரசு மருத்துவமனைகளில் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி! ஐம்பது வயது கடந்த தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெருநாய் கடித்த நெசவாளியின் குழந்தை, நாளுக்கொன்றாக வயிற்றில் ஊசி வாங்கிச் சுருண்டு கிடந்த கதை நம் ஊர்த் தெருக்களில் எத்தனை! ஊசியோடு முடியவில்லை துயரம். மூளைத் திசுவே மருந்தானதால், ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு அந்த மருந்தே நரம்பைத் தாக்கி வாதம் கொண்டுவந்தது.

இதற்கு மாற்று இல்லையா? இருந்தது. கண்ணாடிக் குடுவையில் உயிரணுக்களை வளர்த்து, அதில் கிருமியைப் பெருக்கி ஆக்கும் தூய மருந்து வந்துவிட்டது. ஆட்டு மூளை மருந்தைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே கூறிவிட்டது. காசு உள்ளவர்கள் அப்போதே புதிய மருந்தைக் கையில் போட்டுக்கொண்டார்கள். நாலைந்து ஊசியோடு வேலை முடிந்தது. காசில்லாதவர்களோ அரசு மருத்துவமனையின் விசுப்பலகையில் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தார்கள். இந்தியா ஆட்டு மூளை மருந்தை அடியோடு நிறுத்தியது 2004 டிசம்பரில்! அந்த இருபது ஆண்டுகளும் ஆடும் ஏழையும் ஒரே மேசையில்தான் கிடந்தார்கள். ஆட்டுக்கு விடுதலை கேட்டிருந்தால் ஏழைக்கும் விடுதலை கிடைத்திருக்கும், யார் கேட்டோம்? இன்று குன்னூரிலும் உயிரணு வளர்ப்பு முறைதான். அந்த அணுக்களுக்கு வீரோ என்று பெயர். 1962இல் சப்பானில் ஒரேயொரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை, அழியாமல் பெருகிக்கொண்டே உலகெங்கும் செல்கின்றன. எஸ்பெராந்தோ மொழியில் வீரோ என்றால் உண்மை என்று பொருளாம். உண்மைதான், மாற்று மருந்தும் ஒரு குரங்கின் கடனைச் சுமக்கிறது. ஆனால் ஒரு குரங்கின் கடன் அது. ஆண்டுதோறும் கொட்டில் கொட்டிலாக ஆடுகளைப் பலிகொண்ட கடனன்று.

குரங்கு என்றதும் குற்றாலம் நினைவுக்கு வரும். அருவிக்கரையில் நம் கையிலிருந்து பழம் பறிக்கும் நாட்டுக் குரங்கு தப்பித்தது. அதன் வடநாட்டு உறவான செம்முகக் குரங்கு தப்பவில்லை. 1950களில், இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்கென்று கூண்டு கூண்டாக அதைப் பிடித்து மேலைநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அந்நியச் செலாவணி வேண்டுமே! 1955 சனவரியில் இலண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டன. தில்லி அரசு அதிர்ந்தது, தடை போட்டது, சில நாளில் நிபந்தனைகளோடு தடையை எடுத்தது. செலாவணி வென்றது. மருத்துவத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கி அனுப்பிய குரங்குகளை அமெரிக்கப் படைத்துறைக் கூடங்கள் அணுக்கதிர்ச் சோதனைக்கு ஆட்படுத்தியது பின்னர் வெளிப்பட்டது. ஓர் உயிர் எத்தனை கதிர் தாங்கிச் சாகும், சாகுமுன் எத்தனை நாழிகை வேலை செய்யும் என்று கண்டறியும் சோதனை. நோய் தீர்க்கவா இது? மொரார்சி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. ஆராய்ச்சி என்ன ஆயிற்று? நின்றுவிட்டதா? அந்நாடுகள் தாமே வளர்க்கவும் குறைத்துப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டன. கதவை மூடினால்தான் வேறு வழி தெரிகிறது.

கல்லூரி வகுப்பறையிலும் இதுவே கதை. தவளையை அறுக்காமல் விலங்கியல் படிக்க முடியாது என்றார்கள். புளூ கிராஸ் தோழர்கள் கணிப்பொறியிலேயே அறுத்துப் பார்க்கும் தவளையையும் எலியையும் ஆக்கிக் காட்டினார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014இல் விலங்கியல் வகுப்புகளில் அறுவையை நிறுத்தியது. அதே 2014இல் அழகுப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் தடுக்கப்பட்டன. கழுத்தை மரச்சட்டத்தில் மாட்டி, முயலின் கண்ணில் சாயத்தையும் சோப்புக் கரைசலையும் சொட்டவிட்டு, எத்தனை நாளில் புண்ணாகிறது என்று பார்த்தது முகப்பூச்சுக்காக! அது ஒழிந்தது நன்று. 2023இல் புதிய மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். நடந்து முடிந்தது என்றன்று.

இத்தனையும் கேட்டபின் நம் தோழர் இறுதியாக ஒன்று கேட்பார். அதுதான் கடினமான கேள்வி. "விலங்கை விட்டுவிட்டால் அடுத்துச் சோதனைப்பொருளாவது ஏழைதானே?" நாசி மருத்துவர்களின் கொடுமையை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பு, 1947இல், மனிதர்மீது சோதிக்குமுன் விலங்கிடம் சோதித்திருக்க வேண்டும் என்றே நெறி வகுத்தது. அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் விலங்கிடம் சோதித்த பின்னும் ஏழை தப்பினானா? 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பழங்குடிப் பள்ளி விடுதிச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பெற்றோரின் ஒப்பம் இருக்க வேண்டிய தாள்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து! 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லதா தீயதா என்பது வேறு வழக்கு. கேட்காமல் செய்யலாம் என்னும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதே நம் வழக்கு. கூண்டுக்குள் இருப்பதைக் கேட்க வேண்டியதில்லை என்று பழகிய கை, விடுதிக்குள் இருப்பதையும் கேட்பதில்லை. ஏழையைக் காப்பது விலங்கின் உடலன்று. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் வெளியாள் ஒருவராவது இருந்து, "ஏன்?" என்று கேட்பதுதான்.

அந்த வெளியாளுக்கு ஒரு நாற்காலியைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது என்பது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? விலங்குச் சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அறநெறிக் குழு வைத்திருக்க வேண்டும். அறிவியலாளர்களும் கால்நடை மருத்துவரும் மேற்பார்வைக் குழு நியமிக்கும் உறுப்பினரும் இருக்கும் அதில், அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார்? நிர்வாகியின் நண்பரா, கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியரா? பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான், பாரி முல்லைக்குத் தேர் தந்தான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இந்த ஒற்றை நாற்காலியைப் பற்றி நாம் ஒரு தீர்மானமும் போட்டதில்லை.

சட்டத்தைத் திருத்தும் வரைவு ஒன்றை 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தண்டத்தொகையை உயர்த்துவது மட்டும் போதாது. உயர்த்தினால் அந்தச் சுமை வண்டிக்காரன் தலையில் விழும், நிறுவனம் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும். ஆகவே 11ஆம் பிரிவில் கூலிக்கு வண்டி ஓட்டுபவனை விட்டு, சுமையேற்றச் சொன்ன முதலாளியைப் பொறுப்பாக்க வேண்டும். 20ஆம் பிரிவின் 200 ரூபாயை நிறுவனத்தின் வருவாயோடு இணைத்துக் கணக்கிட வேண்டும். அறநெறிக் குழுக்களின் கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இம்மூன்றையும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுத்துப் பேசச் செய்ய வேண்டியது கிளைகளின் வேலை.

மாவட்ட அளவிலும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று இயங்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 2019 நவம்பரில் பிறந்த நம் தென்காசி மாவட்டத்தில் அச்சங்கம் கூடுகிறதா, அதில் கால்நடை வளர்ப்போரும் வண்டித் தொழிலாளரும் இடம்பெற்றிருக்கிறார்களா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கடையநல்லூர் நகர்மன்றத் தோழர்கள், சந்தைக்கு வரும் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குத் தீர்மானம் கொண்டுவரலாம். எந்த மதமும் எந்தக் கட்சியும் எதிர்க்க இயலாத தீர்மானம் அது. படித்த இளந்தோழர்களுக்கு வேறொரு பணி. திருநெல்வேலியிலும் மதுரையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும், சென்னையில் உள்ள அரசு ஆய்வு நிலையங்களுக்கும், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதுங்கள். அறநெறிக் குழு உண்டா, கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, எத்தனை சோதனைகளுக்கு ஒப்புதல் தந்தது, எத்தனையை மறுத்தது, சமூக அக்கறையுள்ள அந்த ஒருவர் எத்தனை கூட்டங்களுக்கு வந்தார் என்று கேளுங்கள். வெள்ளைத்தாள் போதும்; விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.